ஜிம்னிக்குக் குதிகால்

கேள்வி: என் ஜிம்னிக்கு ஸ்பிரிங்கில் ஒன்றரை அங்குலம், பாடியில் ஒரு அங்குலம் தூக்கலாமா? மழைக்காலத்தில் வயல் பாதையெல்லாம் சேறு.
— வாசகர், திருமலைராயன்பட்டினம்

பதில்: காரைக்காலில் மலை என்று பார்த்தால் வேகத்தடைதான். அதற்கு ஜிம்னியின் 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி போதாதா?

பாடியை மட்டும் தூக்குவது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவது மாதிரி. கால் அங்கேயேதான் இருக்கும். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைக்கிறார்கள். அடிவயிறு ஓர் இழைகூட ஏறாது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதுவும், கடல்காற்றில் துருப்பிடித்த போல்ட்டு சம்மதித்துக் கழன்றால்!

ஸ்பிரிங் மாற்றினால் சேஸிஸ் ஏறும். ஆனால் அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஏறாது. அதைத் தூக்க டயர் ஒன்றால்தான் முடியும். போதாக்குறைக்கு, அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் பான்ஹார்டு கம்பி அதை ஒரு பக்கமாக இழுத்துவிடும். அட்ஜஸ்ட் செய்கிற கம்பி போடாவிட்டால் வண்டி நண்டு நடை நடக்கும். பிரேக் ஹோஸ் நீளத்தையும் பாருங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்தாவிட்டால், எதிரே வரும் நாகூர் பஸ் டிரைவர் உங்கள் வம்சத்தையே விசாரிப்பார்.

தலைகீழாக நடந்து கயிலை ஏறியவர் நம் காரைக்கால் அம்மையார். உயரம் கூடிய ஜிம்னி வளைவிலேயே அதற்கு முயலும்.

தயாரிப்பாளர் தந்த விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிஒய்-02 எண் பலகையோடு வாஞ்சூர் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் அதே சட்டம்தான்.

முதலில் நல்ல மட் டயர் போட்டு, வயலுக்குள் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள்.