பிங்கர்

"கூப்பிடுகிறேன்", "எழுதுகிறேன்", "கேட்டுச் சொல்கிறேன்", "ஞாபகப்படுத்துகிறேன்", "ஆளை விடுங்கள்". இத்தனைக்கும் அவரிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. பிங். "பிங் பண்றேன் ஜி" என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டு அவர் நகர்ந்தால், மேற்சொன்ன ஐந்தில் எது என்பதை நீங்களேதான் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஐந்தாவதாகத்தான் இருக்கும்.

சென்னையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை எந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் கேன்டீனுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வசதிக்காகப் பிங்கர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் பார்த்தால் அதே கேன்டீனில் தக்காளி சாஸுடன் தரும் சிப்ஸ் ஞாபகத்துக்கு வரும். பரவாயில்லை, இரண்டிலும் வயிறு நிறையாது.

பிங்கருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், நாற்பத்தைந்துக்குள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, யாஹூ மெசஞ்சரில் 'பஸ்' கொடுத்துப் பழகிய கை அது. அந்தப் பொத்தானை அழுத்தினால் எதிராளியின் சாட் பெட்டியே கிடுகிடுவென்று ஆடும். அடுத்து பிளாக்பெர்ரி வந்தது. அதில் 'பிங்' என்ற சொல்லே மூன்று ஆச்சரியக்குறியுடன் போய் விழுந்து ஆளை உலுக்கும். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் கடையைக் கட்டியது. பொதுமக்களுக்கான பிளாக்பெர்ரி மெசஞ்சர் 2019 மே மாதத்தில் அதே வழியில் போனது. சத்தம் மட்டும் இவர் வாயில் தங்கிவிட்டது.

தமிழில் இந்த மாதிரிச் சத்தச் சொற்கள் பெரும்பாலும் தம்பதி சமேதராகத்தான் வரும். சலசல, கடகட, மடமட. பிரித்தால் பொருள் போய்விடும் என்று பள்ளிக்கூடத்திலேயே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பிங் மட்டும் ஒண்டிக்கட்டையாக வந்து இறங்கியது. ஊரில் அதற்கு 'பாங்' என்றொரு ஜோடி இருந்ததாக மேசைப்பந்து ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். வந்த இடத்தில் நாம் 'பண்ணு'வைக் கட்டிவைத்தோம். பண்ணு இதுவரை எந்த வரனையும் வேண்டாமென்று சொன்னதில்லை. குடித்தனம் அமோகமாக நடந்து இன்றைக்கு வம்சமே பெருகிவிட்டது: பிங்கிட்டேன், பிங்கச் சொல்லு, ரீ-பிங், சும்மா ஒரு ஃபாலோ-அப் பிங், மேலதிகாரிக்கு மட்டும் ஜென்டில் பிங்.

அவர் வேலை செய்யும் அழகைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காலை பத்தேகாலுக்கு உங்கள் திரையின் மூலையில் ஒரு சத்தத்துடன் எட்டிப்பார்ப்பார்.

"ஹாய்."

"ஹாய் ஜி, சொல்லுங்க" என்று நீங்கள் உடனே போடுவீர்கள். பதில் வராது. அவர் தட்டிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் எழும்பி அலையும், அடங்கும். மறுபடி எழும்பும், மறுபடி அடங்கும். மனிதர் ராமாயணமே எழுதுகிறார் போலிருக்கிறது என்று கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். பதினொன்றே முக்காலுக்கு வரும்:

"ஆர் யூ தேர்?"

"இருக்கேன் ஜி."

மத்தியானம் மூன்று மணிக்கு, "ஃப்ரீயா?"

"ஃப்ரீதான் ஜி. என்ன விஷயம்?"

மாலை ஆறுக்கு, "ஓகே, நாளைக்கு பிங் பண்றேன்."

இத்தனைக்கும் இருவருக்கும் நடுவில் இரண்டு மேசையும் ஒரு மணி பிளான்ட் தொட்டியும்தான். ஹாய் வந்து சேரும் முன்பே அவர் அதைத் தட்டுகிற சத்தம் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

இவரைத் திட்டலாம் என்று நான் கச்சை கட்டியபோதுதான் சொல்லின் பூர்வீகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்தால் சட்டம் முழுக்க அவர் பக்கம் இருக்கிறது.

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவி தண்ணீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால், அங்கே ஏதோ இருக்கிறது. காதில் கேட்கும்போது அந்தத் துடிப்பு எழுப்புகிற சத்தம்தான் பிங். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், 1983 டிசம்பரில் நெட்வொர்க் மக்கர் செய்தபோது, கோளாறைத் தேட ஒரு சின்ன நிரல் எழுதி, அதற்கு இந்தச் சத்தத்தையே பெயராக வைத்தார். 'பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்' என்பதன் சுருக்கம்தான் பிங் என்று பிங்கர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பார். சுருக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, சோனார் சத்தம்தான் என்று மூஸே எழுதிவைத்திருக்கிறார். இதைப் பிங்கரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்படியா? அந்த லிங்க்கை ஒரு பிங் பண்ணுங்க" என்பார்.

அந்த நிரல் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இருக்கிறாயா? எதிர்முனைக் கம்ப்யூட்டர் சொல்கிற பதிலும் ஒன்றே: இருக்கிறேன். போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று குறித்துக்கொள்வதோடு சரி. உள்ளே சரக்கே கிடையாதா என்றால், உண்டு. விண்டோஸ் அனுப்பும் பிங்கின் வயிற்றில் வழக்கமாக 32 பைட் இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் ஏ, பி, சி, டி என்று ஆரம்பித்து டபிள்யூ வரை ஓடி, மறுபடி ஏ-யில் தொடங்கி ஐ-யோடு நின்றுவிடும். ஒரு குழந்தை பாதி அரிச்சுவடியைச் சொல்லிவிட்டு விளையாடப் போனது போல.

ஆகவே நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். 'ஆர் யூ தேர்' என்று கேட்டு, 'இருக்கேன்' என்ற பதிலோடு திருப்தியாகக் கிளம்பிவிடும் பிங்கர்தான் இந்தச் சொல்லை அட்சரசுத்தமாக ஆள்கிறவர். 'நாலு மணிக்குக் கூட்டம், போன மாதக் கணக்கோடு வாருங்கள்' என்று உருப்படியாக எழுதியனுப்பிவிட்டு அதையும் பிங் என்று சொல்லிக்கொள்கிற நீங்களும் நானும்தான் கொச்சையாகப் பேசுகிறவர்கள். செல்போன் வந்த புதிதில் நாம் பழகிய மிஸ்டு காலை இதோடு சேர்க்கக் கூடாது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தாச்சு, இரண்டு ரிங் என்றால் கீழே நிற்கிறேன், இறங்கி வா. காலணா செலவில்லாமல் அதில் ஒரு விஷயம் இருந்தது.

மூஸ் தன் குறிப்பில் ஒரு கதையும் சொல்கிறார். ஒரு நெட்வொர்க் நிர்வாகி, எந்தக் கேபிள் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று தெரியாமல், தன் கம்ப்யூட்டரைச் செகண்டுக்கு ஒரு தரம் 'பிங், பிங்' என்று ஸ்பீக்கரில் அலற விட்டார். பிறகு கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வோர் இணைப்பாக ஆட்டிக்கொண்டே போனார். எந்த இணைப்பைத் தொட்டபோது சத்தம் நின்றதோ அதுதான் கோளாறு. நம் அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் இங்கே சத்தம் நிற்காது. கோளாறே சத்தம்தான்.

பிங்கர்களில் இரண்டு சாதி உண்டு. விண்டோஸில் பிங் கட்டளை கொடுத்தால் நாலு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை போனது, எத்தனை வந்தது, எத்தனை காணாமல் போனது என்று கணக்கு ஒப்படைத்துவிட்டு நிற்கும். லினக்ஸில் நீங்களாகக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். முதல் சாதிப் பிங்கரோடு காலம் தள்ளலாம். இரண்டாம் சாதிக்கு நம்மிடம் கன்ட்ரோல்-சி கிடையாது. வெளியூர் ப்ராஜெக்டுக்குப் போய்த் தப்பித்துவிடலாம் என்றும் பார்க்க முடியாது. அங்கேயும் சாட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும்.

இதில் மூஸின் காலத்து ஆட்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஆயுள் என்று ஓர் எண்ணை எழுதித்தான் அனுப்புவார்கள். லினக்ஸில் வழக்கமாக 64, விண்டோஸில் 128. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு, 'உன் பொட்டலம் செத்துப்போச்சு' என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். இல்லாவிட்டால் வழி தவறிய பொட்டலம் யுகக்கணக்கில் சுற்றிக்கொண்டே கிடக்கும் அல்லவா?

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, லேப்டாப் சார்ஜர் கேட்டாள். பிங்கர், "ஹெல்ப் டெஸ்க்கை பிங் பண்ணும்மா" என்றார். ஹெல்ப் டெஸ்க், "அசெட் டீமைப் பிங் பண்ணுங்க" என்றது. அசெட் டீம், ஃபைனான்ஸைப் பிங் பண்ணச் சொன்னது. ஃபைனான்ஸ், "உங்க மேனேஜர் அப்ரூவல் வேணும், அவரைப் பிங் பண்ணிடுங்க" என்றது. மேனேஜர் யார்? பிங்கர். அவர் அன்போடு, "ஹெல்ப் டெஸ்க்கை பிங் பண்ணியாச்சாம்மா?" என்றார். ஆயுள் எண் எழுதாத பொட்டலம். ரிச்சி தெருவுக்குப் போய்த் தன் காசிலேயே ஒரு சார்ஜர் வாங்கிவந்துவிட்டாள் அந்தப் பெண். கோரிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தோடு போகட்டும் என்றால், 2020 மார்ச் ஊரடங்கு இவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. தெருவில் வந்த கீரைக்காரம்மாவிடம், "பொன்னாங்கண்ணி வந்தா ஒரு பிங் பண்ணுங்கம்மா" என்றிருக்கிறார். அந்த அம்மா கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பிங்க் கலர்ல கீரை வராது சாமி, செவப்புத் தண்டுக்கீரைதான் இருக்கு, எடுத்துக்க" என்றது. மறுநாள் தெருவிலிருந்தே ஒரு குரல் கொடுத்தது: "பொன்னாங்கண்ணி!" சத்தமும் விஷயமும் ஒரே சொல்லில். பிங்கர் அப்போது மீட்டிங்கில் இருந்தார்.

அதே நாட்களில் ஒரு மத்தியானம். "நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போனார். பிங்கர் லேப்டாப்பும் கையுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாலு எண்ணினார், அணைத்தார். தட்டில் விழுந்த சோறு அரைவேக்காடு. விசாரணையில் உண்மை வெளிவந்தது: வந்தது மூன்று விசில், ஒரு பிங்.

இவரைப் புதுப் பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. பெண் பார்க்க வந்து பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்களுடைய நேர் வாரிசு இவர். லெட்டர் போடுவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். போன வருஷம் தங்கைக்கு வரன் பார்க்கப் போன பிங்கர், கிளம்பும்போது அவளுடைய வருங்கால மாமனாரின் கையைக் குலுக்கி, "டிஸ்கஸ் பண்ணிட்டு பிங் பண்றோம் அங்கிள்" என்றார். பெரியவர் உள்ளே போய் மனைவியிடம், "ஏதோ பண்றாங்களாம். சீரா, செய்முறையான்னு தெரியல" என்றாராம். துக்க வீட்டில்கூட, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த மகனின் தோளைத் தொட்டு, "எதுவா இருந்தாலும் ஒரு பிங் பண்ணுங்கண்ணே" என்று தழுதழுத்தவர் அவர். அதில் பாசாங்கு துளியும் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. வேறு சொல் கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

பிங்கரைத் திருத்த வேண்டும் என்று யாரும் புறப்பட வேண்டாம். திருத்துவதற்கு ஒரு மீட்டிங் போடுவார்கள், அதற்கு அவரே எல்லோரையும் பிங் பண்ணுவார். உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. தனியாக வந்து நிற்கிற 'ஹாய்'க்குப் பதில் போடாதீர்கள். விஷயம் உள்ளவர் அடுத்த வரியில் அதை எழுதிவிடுவார். இல்லாதவர் அடுத்த மேசைக்கு ஹாய் சொல்லப் போய்விடுவார். அந்த மேசைக்காரரிடமும் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள். எழுந்து போய் வாயால் சொல்லுங்கள், பிங் பண்ணாதீர்கள்.