மிளகு மூட்டைக்கு ஒரு கோட்டை

மாரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குள் இதுவரை அத்துமீறி நுழைந்தவை மூன்று: குரங்கு, சாரல், என் மைத்துனனின் யோசனை. திருடன் மட்டும் வரவில்லை. வந்தால் அவனுக்குத்தான் கஷ்டம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தலைசுற்ற வளைந்து வந்து, எங்கள் ஒரே அசையும் சொத்தான அரை மூட்டை மிளகைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவையும் இறங்கியாக வேண்டும். டீசல் காசுக்குக்கூடக் கட்டாது.

ஆனால் மைத்துனன் குடியிருக்கும் சேலத்துத் தெருவில் ஒரு வீட்டில் கொள்ளை போய்விட்டது. மறு வாரமே டார்ச்சும் டேப்புமாக மலையேறி வந்துவிட்டான். வாசற்கதவை முழங்கையால் இடித்துப் பார்த்தான். "கதவு கெட்டிதான் மாமா, நிலைதான் சொத்தை" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என் வருத்தம். தேக்குக் கதவு போட்டவர்கள்கூடக் கீலை ஓர் அங்குல ஸ்குரூவில்தான் தொங்கவிடுகிறோம். உதைக்கிற கால் கதவை உடைப்பதில்லை. தாழ்ப்பாள் போய் உட்காரும் இடத்தில் நிலைச் சட்டத்தைப் பிளக்கிறது. அங்கே கனத்த இரும்புத் தகடு வைத்து, மூன்று அங்குல ஸ்குரூ இறக்க வேண்டும். நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்டுஃபாஸ்ட் அசையாமல் இருக்க வேண்டும். ஜன்னல் கிரில்லை வெளிப்பக்கமாக ஸ்குரூ போட்டு மாட்டியிருந்தால், நாலணா ஸ்குரூ டிரைவரோடு வருகிறவனுக்கு அது அழைப்பிதழ். ஸ்குரூவின் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டால் கழற்ற முடியாது.

வேலைக்கு வந்த ஆசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த ஊரு மரத்துக்கு யாரு சார் சொல்லிப் புரிய வைக்கிறது?" என்றார். இங்கே மழைக்காலத்தில் கதவு ஊதிவிடும். இழுத்துச் சாத்தத் தோள்பலம் வேண்டும், தாழ்ப்பாள் துளையைத் தேடிக்கொண்டு நிற்கும். சரியென்று ஓரத்தைச் சீவினால், கோடையில் மரம் வற்றி, கடப்பாரை நுனி நுழைகிற அளவுக்கு இடுக்கு விட்டுவிடும். எங்கள் வீட்டின் பாதுகாப்பு நிலவரத்தை வானிலை அறிக்கையில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மைத்துனன் அசரவில்லை. ஏற்காட்டு கிரேஞ்ச் பங்களாவை உதாரணம் காட்டினான். சேலத்தில் கலெக்டராக இருந்து இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன் காலத்துக் கட்டடம். 1857 சிப்பாய்க் கலகத்தின்போது அதற்கு அரண் எழுப்பி, பீரங்கி ஏற்றி, ஆறு மாதத்துக்கான தானியத்தை நிலவறையில் அடைத்து வைத்தார்கள் என்று சொல்வார்கள். கலகம் என்னவோ மலையேறவே இல்லை. அந்தப் பீரங்கியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

வந்தது குரங்குதான். கொக்கித் தாழ்ப்பாளை நிமிண்டித் திறக்க அதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் கூரையைப் பிய்த்துக்கொண்டு எடுத்துப் போவதற்கு ஆள் இருக்கிறது. ஓட்டைத் தள்ளி இறங்கி, பலாச்சுளையைத் தின்றுவிட்டு, கொட்டையை மட்டும் நமக்கு விட்டுவிட்டுப் போகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தேன். மனிதர் நுழைவதற்கென்று வைக்காத வழியில் நுழைவது, சுவரேறிக் குதித்து வருவது என்று வீடுடைத்தலுக்குச் சொல்லியிருக்கும் இலக்கணம் குரங்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் சட்டம் மனிதனுக்குத்தான். 1860-இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இலக்கணமும் இதேதான்; அப்போதும் குரங்கைச் சேர்க்கவில்லை.

காட்டெருமையும் தோட்டத்துக்குள் வருகிறது. அதற்கு எத்தனை அங்குல ஸ்குரூ என்று மைத்துனனைக் கேட்டேன். பதிலில்லை.

எப்படியோ வீடு கோட்டையாகிவிட்டது. நான் பிடிவாதம் பிடித்ததால் படுக்கையறை ஜன்னலில் ஒரு கிரில் மட்டும் உள்ளிருந்து திறக்கிற மாதிரி வைத்தார்கள். தீப்பிடித்தால் குதிக்க வழி வேண்டுமே! வாசலுக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டு அது. கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வரும்.

அந்த மரியாதைக்குரிய சாவிக்கொத்து ஒருநாள் ஏற்காட்டுப் பேருந்திலேயே போய்விட்டது. பொழுது சாய்ந்து மஞ்சு இறங்கும் நேரம், குடும்பமே வாசலில் நின்றது. ஆசாரி வந்து கதவைத் தடவிப் பார்த்து, "நம்ம வேலை, எவனாலயும் திறக்க முடியாது" என்று பூரித்துப்போனார். மைத்துனனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். மூங்கில் படலை இழுத்துச் சாத்தி, ஆடு தள்ளாமல் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டால் அவர் வீட்டுக்கு வேறு காவல் கிடையாது.

"சாவிக்கா தம்பி இந்தப் பாடு? உங்க மச்சான் போன தடவையே ஒரு சாவி எங்க ஊட்டுல குடுத்து வெச்சுட்டுப் போனாரே. ராகிப் பானைக்குள்ள கெடக்குது."

"பாட்டி, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எங்க ஊட்டுக்கு ஏது பூட்டு? யாருக்கு வேணுமோ வந்து எடுத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்."