மும்பை இல்லாத ஐ.பி.எல்.

கேள்வி: மும்பை இந்தியன்ஸ் அணியே இல்லாமல் போனால், எங்களைப் போன்ற சி.எஸ்.கே. ரசிகர்கள் நிம்மதியாக இருப்போம் இல்லையா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: கணக்குப் பார்த்தால் லாபம்தான். 2013, 2015, 2019 என மூன்று இறுதிப் போட்டிகளில் நம்மை மண்ணைக் கவ்வ வைத்த புண்ணியவான்கள். அதிலும் 2019-ல் ஒரே ஒரு ரன்! கடைசிப் பந்தில் மலிங்கா வீசிய அந்த மெதுவான யார்க்கரை நினைத்தால் இன்றும் சிலருக்குச் சோறு இறங்காது.

ஆனால், இந்த நிம்மதியை மும்பைக்காரர்கள் ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். தடையால் 2016, 2017-ல் சி.எஸ்.கே. களத்திலேயே இல்லை. தொலைந்தது தொல்லை என்று இருந்தால், 2017 இறுதிப் போட்டியில் புனே ஜெர்சி போட்டுக்கொண்டு தோனி எதிரே நிற்கிறார்! அன்றும் ஒரே ரன்னில்தான் தப்பித்தார்கள்.

2018-ல் நாம் திரும்பி வந்த முதல் ஆட்டமே வான்கடேயில், மும்பையோடுதான். பிராவோ 30 பந்தில் 68. தசைப்பிடிப்பில் வெளியேறிய கேதார் ஜாதவ், நொண்டிக்கொண்டே திரும்பி வந்து ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஒரு விக்கெட்டில் வெற்றி. எதிரணி வேறு ஏதாவதாக இருந்திருந்தால், அந்தக் கடைசி ஓவரை இத்தனை முறை யூடியூபில் போட்டுப் பார்த்திருப்பீர்களா?

இன்னொன்று. மும்பையே இல்லையென்றால் 2010-ல் நம் முதல் கோப்பையை யாரைத் தோற்கடித்து வாங்கினோம் என்று சொல்வீர்கள்?

அதனால், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்து வைத்திருக்கும் அந்த மும்பை ரசிக மச்சானை உடனே விடுதலை செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தில் வெறுப்பேற்ற ஆள் வேண்டாமா?