கறுப்புப் பக்கம் ஒன்று வேண்டும்

அனுப்புநர்: தேர்தல் செலவுக் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவன், தமிழ்நாடு.

பெறுநர்: மாண்புமிகு தலைமைத் தேர்தல் ஆணையர், உடன் ஆணையர்கள், நிர்வாசன் சதன், அசோகா சாலை, புது தில்லி.

பொருள்: வேட்பாளர் செலவுப் பதிவேட்டில் நான்காவது நிறத்தில் பக்கம் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் வெளியிட்ட விலைப்பட்டியல்கள், தாங்கள் பார்வையிடாத சில தெருக்கள்.

ஐயா,

முதலில் பாராட்டு, பிறகு கோரிக்கை. மனு எழுதும் முறை அதுதானே.

இந்த நாட்டில் ஒரு டீ என்ன விலை என்று அதிகாரிகள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கும் காலம் ஒன்று உண்டென்றால் அது தேர்தல் காலம்தான். மாவட்டத் தேர்தல் அலுவலர் எல்லாக் கட்சிக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ இவ்வளவு, வடை இவ்வளவு, சிக்கன் பிரியாணி இவ்வளவு, மட்டன் பிரியாணி இவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலி நாள் வாடகை இவ்வளவு என்று பட்டியல் போடுகிறார். சால்வை, வாழைமரம், சரவெடி, ஜெனரேட்டர், செண்டை மேளம் எதையும் விடுவதில்லை. கொள்கையில் எலியும் பூனையுமாக இருக்கும் கட்சிகள் அந்தக் கூட்டத்தில் மட்டும் ஒரே குரலில் பேசும்: பிரியாணி விலையைக் குறையுங்கள். ரேட்டு குறைந்தால் அதே உச்சவரம்புக்குள் இன்னும் பத்து அண்டா இறக்கலாம் அல்லவா? அனைத்துக் கட்சி ஒற்றுமையை அத்தனை பக்கத்தில் பார்க்கும் பாக்கியம் எங்களைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்குத்தான்.

அடுத்து வீடியோ குழு. தலைவர் வருவதற்கு முன்பே அவர்கள் திடலுக்கு வந்துவிடுகிறார்கள். கேமராவை ஓடவிட்டு, இன்ன ஊர், இன்ன தேதி, இன்ன கட்சி என்று ஒரு குரல் சொல்கிறது. பிறகு கேமரா மெல்ல நகர்கிறது. மேடை எத்தனைக்கு எத்தனை அடி, கட்அவுட் எத்தனை, வேன்களின் நம்பர் என்ன, நாற்காலி எத்தனை வரிசை. மேடையில் நாட்டையே புரட்டிப் போடும் பேச்சு நடந்துகொண்டிருக்கும். இவர்கள் நாற்காலியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அன்றைக்கு அங்கே உருப்படியாக வேலை பார்த்தவர்கள் அவர்கள்தான் என்றே எனக்குத் தோன்றும். அந்த எண்ணிக்கை உங்கள் நிழல் பதிவேட்டில் ஏறுகிறது. எங்கள் கணக்கில் 500 நாற்காலி, வீடியோவில் 620 என்றால், செலவினப் பார்வையாளர் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு 620 என்று திருத்துவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஐயா. ஆனால் அந்தச் சோற்றுக்கு உங்கள் ரேட்டில் பில் வைத்தாக வேண்டும்.

இனி பதிவேடு. அதை வடிவமைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர். அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு. ஒரு தரப்புக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் கூடாது. பிரசாரம் முடிவதற்குள் மூன்று முறை கொண்டுவந்து காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளில் முழுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை. எல்லாம் சரி. ஆனால் செய்த செலவில் பெரும்பகுதி எந்த நிறமோ அந்த நிறத்தில் ஒரு பக்கம்கூட இல்லையே. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தேவை ஏன் என்பதற்குத் தெருக்காட்சி ஒன்று. வேட்பாளர் திறந்த ஜீப்பில் வருகிறார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். அந்தத் தட்டுகளும் முதல் நாளே கட்சி வாங்கிக் கொடுத்தவைதான். வேட்பாளர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு போகிறார். கூப்பிய கையில் காசு இருக்க முடியாது என்பது கேமராவுக்கும் தெரியும். ஜீப் திருப்பம் தாண்டிய பிறகு வட்டச் செயலாளரின் மச்சான் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார். அவர் வாக்காளர் பட்டியலை வைத்துப் பாகம் பாகமாக, வரிசை எண் போட்டு, வீட்டுக்கு எத்தனை ஓட்டு, வெளியூரில் இருப்பவர் வருவாரா, போன தடவை வாங்கிவிட்டு ஏமாற்றியவர் யார் என்று குறித்து வைத்திருக்கிறார். உங்கள் வாக்காளர் பட்டியலில் செத்தவர் பெயர் இருக்கலாம். அவர் நோட்டில் இருக்காது. தமிழ்நாட்டில் பிழையற்ற வாக்காளர் பட்டியல் அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஏன் அவரையே பட்டியல் திருத்தப் பணிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது?

இப்போது கணக்கைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை வாக்குப்பதிவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ரத்து செய்தீர்கள். வருமான வரிச் சோதனையில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட தாள்களில் பட்டுவாடாத் தொகை சுமார் 89 கோடி ரூபாய். அப்போது சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 28 லட்சம். ஒரு கட்சி 234 தொகுதியிலும் நின்று, ஒவ்வொரு வேட்பாளரும் கடைசிப் பைசா வரை செலவழித்திருந்தாலும் மொத்தம் 65 கோடியே 52 லட்சம்தான் வரும். தாளில் எழுதியிருந்தது உண்மையென்றால், ஒரு தொகுதியில் ஒரு வாரத்தில் ஒரு மாநிலத் தேர்தலையே விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்கள். நீங்களும் சும்மா இருக்கவில்லை. 2022 ஜனவரியில் உச்சவரம்பை 40 லட்சமாக்கினீர்கள். மக்களவைக்கு 95 லட்சம். விலைவாசி ஏறிவிட்டது என்றீர்கள். எந்தப் பொருளின் விலைவாசி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதே ஆர்.கே.நகரில் டிசம்பரில் தேர்தல் நடந்தபோது 20 ரூபாய் நோட்டின் சீரியல் நம்பரையே டோக்கனாக வைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு தொழிலாளி என்ற முறையில் சொல்கிறேன்: ரசீதுப் புத்தகம் அச்சடிக்காமல், ரிசர்வ் வங்கி ஏற்கெனவே அச்சடித்த எண்ணையே ரசீதாக்குவது என்பது கணக்கியலில் பெரிய பாய்ச்சல். எங்கள் மஞ்சள் பக்கத்தில் அவ்வளவு அறிவு இல்லை.

ரத்து செய்வதில் உங்கள் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டேன். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி. பிறகு நான்கிலும் தேர்தல் நடந்தது. வென்ற நால்வரும் ரத்தான தேர்தலிலும் அதே தொகுதியில் வேட்பாளராக நின்றவர்களே. பணம் கொடுத்தது அவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தது இன்னார்தான் என்று தீர்ப்பு வந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. வாக்காளர்களைப் பொறுத்தவரை அந்த மறுதேர்தல் இரண்டாம் பந்தி. எங்கள் தொகுதியையும் ஒரு தடவை ரத்து செய்யக் கூடாதா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் ஏங்கியதை உங்கள் பார்வையாளர்கள் அறிக்கையில் எழுதினார்களா தெரியாது.

இதில் உங்கள் மீது மட்டும் பழி போட மனம் வரவில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாக்காளரைக் கைப்பற்றினால் எந்தப் பிரிவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவைத் தேடி எடுத்தீர்கள். 2016-இல், பணப் பட்டுவாடாவுக்கும் அப்படி ஒரு பிரிவைச் சேர்த்துத் தாருங்கள் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதினீர்கள். அரசு சேர்க்கவில்லை. பட்டுவாடாவைத் தடுக்கும் அதிகாரத்தைப் பட்டுவாடாவில் ஜெயித்தவர்களிடமே கேட்க வேண்டியிருப்பது உங்கள் தலையெழுத்து.

கறுப்புப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேட்பாளருக்கு உச்சவரம்பு இருக்கிறது; கட்சிக்கு இல்லை. வீட்டு வாசலில் பூட்டு, கொல்லைப்புறத்தில் சுவரே கிடையாது. 1974-இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. தீர்ப்பின் மை காய்வதற்குள் அன்றைய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து 77-ஆவது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து அதைக் கவிழ்த்துவிட்டது. மக்கள் பிரச்சினைகளுக்கு அந்த வேகம் வந்ததை நான் பார்த்ததில்லை. 2003-இல் அந்த விளக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினார்கள். இப்போதும் கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரம் கட்சிக் கணக்கு. அதற்கு எல்லை இல்லை. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்தால் வாடகை கட்சியுடையது. ஆனால் அவர் மேடையில் வேட்பாளர் பக்கத்தில் நின்றாலோ, பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலோ, கூட்டச் செலவில் பங்கு வேட்பாளர் தலையில் விழும். ஆகவே தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பயப்படுவது எதிரிக்கு அல்ல. சொந்தத் தலைவர் வாய் தவறித் தன் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்றுதான். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லாமலே ஒன்றரை மணி நேரம் ஓட்டுக் கேட்கும் கலையை நீங்கள்தான் வளர்த்துவிட்டீர்கள்.

தேர்தல் பத்திரம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2017-இல் அது பின்னோக்கிய அடி என்று நீங்களே எழுதினீர்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகு, மார்ச்சில் நீங்கள் வெளியிட்ட பட்டியலில் அதிகம் வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய கோவை லாட்டரி அதிபரின் நிறுவனம். அதிகம் பெற்ற கட்சி பாஜக. திமுகவுக்குப் பத்திரத்தில் வந்த பணத்தில் பெரும்பங்கு அந்த லாட்டரி நிறுவனத்திடமிருந்துதான் என்று அந்தக் கட்சியே சொன்னது. லாட்டரிச் சீட்டு விற்கத் தடையுள்ள மாநிலம் தமிழ்நாடு. நாங்கள் சீட்டு வாங்க முடியாது. பரிசு மட்டும் வந்து விழும்.

அந்தப் பக்கம் இப்படியிருக்க, பறக்கும் படை பறப்பது யாருக்காக? பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்க வரும் கேரள வியாபாரிக்காக. அவர் மடியில் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். மாடு விற்றவர் ரசீதா கொடுப்பார்? துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிற தொழிலுக்கு நீங்கள் ஜிஎஸ்டி பில் கேட்கிறீர்கள். பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கக் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க் குழு இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, அந்த வாரச் சந்தை இருக்காது. டீ விலை தேர்தலுக்குத் தேர்தல் ஏறுகிறது, உச்சவரம்பு ஏறுகிறது, இந்த 50,000 மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 2016 மே மாதம், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், திருப்பூர் பக்கம் மூன்று கன்டெய்னரில் 570 கோடி ரூபாய் நின்றதே, நினைவிருக்கிறதா? ஸ்டேட் வங்கி எங்கள் பணம் என்றது. பணம் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. காகிதம் சரியாகவே இருந்திருக்கலாம். மாட்டு வியாபாரிக்கும் கோவையிலிருந்து விசாகப்பட்டினம் போகிற அளவுக்குப் பெரிய பணமாக இருந்திருந்தால் காகிதம் தேட அவகாசம் கிடைத்திருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

தேர்தல் நேரத்தில் தலைவர்களின் சிலைகளுக்குத் துணி சுற்றுவது பற்றி ஒரு வார்த்தை. சென்னை சிறிய பேருந்துகளில் இருந்த, அதிமுக சின்னத்தை நினைவூட்டும் இலைப் படத்தைக்கூட 2014-இல் மறைக்கச் சொன்னீர்கள். துணி சுற்றிய சிலையைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைகள் தேர்தல் வந்துவிட்டதென்று தெரிந்துகொள்கிறார்கள். அந்தச் சேவையைத் தொடருங்கள்.

கோரிக்கைக்கு வருகிறேன். விலைப்பட்டியலில் வாழைமரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு வரி சேருங்கள்: 'வாக்கு – ஒன்றுக்கு'. பொதுத்தேர்தலுக்கு ஒரு ரேட்டு, இடைத்தேர்தலுக்கு ஒரு ரேட்டு. பட்டுவாடாவுக்குப் பேர் வாங்கிய 2009 திருமங்கலம் இடைத்தேர்தலை அடிப்படையாக வைத்துக்கொண்டு பஞ்சப்படி கூட்டலாம். 2023-இல் ஈரோடு கிழக்கில் வாக்காளர்களைப் பந்தலில் பகல் முழுக்க உட்கார வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் புகார் சொன்னதே, அதற்குப் பந்தலுக்கும் நாற்காலிக்கும் உங்களிடம் ரேட்டு இருக்கிறது. உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் இல்லை. இது அநீதி. ரேட்டு வந்துவிட்டால் நாங்கள் எழுதுவதற்கு ஒரு கறுப்புப் பக்கம். வெள்ளை மையில் எழுதிக்கொள்கிறோம்.

சட்டம் இடம் கொடுக்காது, லஞ்சம் குற்றம் என்று பதில் எழுதுவீர்கள். தெரியும். 2013-இல் பாஜக எம்.பி. கோபிநாத் முண்டே, 2009 தேர்தலில் தமக்கு 8 கோடி ரூபாய் செலவானதாக மும்பையில் ஒரு மேடையில் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தத் தேர்தலில் உச்சவரம்பு 25 லட்சம். அவருக்கு நோட்டீஸ் அனுப்பினீர்கள். பொய்க்கணக்கு கொடுத்தவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கிய தேசத்தில், வாயைத் திறந்தவருக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதன் பிறகு எங்கள் பக்கத்து வேட்பாளர் யாரும் அப்படி உளறி நான் கேட்டதில்லை. எங்கள் தொழிலும் பிழைத்தது.

ஆனால் எனக்கு வயதாகிறது, ஐயா. கோடியில் நடந்த ஒன்றை நாற்பது லட்சத்துக்குள் மடித்து வைப்பது கைவலி பிடித்த வேலை. அதிலும் உச்சவரம்பைத் தொட்டால் சந்தேகம் வரும் என்று இருபத்தைந்து, முப்பது லட்சத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். சட்டமன்றத்தில் உறுதிமொழி எடுத்த உறுப்பினர், அதே மாதத்தில் அந்தக் கணக்கிலும் பிரமாணம் செய்து கையெழுத்துப் போடுகிறார். பேனாவை நீட்டுகிறவன் நான்தான். அவர் ஒரு பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பதில்லை. நாற்காலி எண்ணிக்கை சரிதானா என்று மட்டும் கேட்கிறார்.

தகுந்த உத்தரவு வேண்டி,

இப்படிக்கு,
உச்சவரம்புக்கு உட்பட்ட ஒரு வாக்காளன்.

நகல்: சட்ட அமைச்சகம், புது தில்லி (தேர்தல் சீர்திருத்தம் கேட்டு ஆணையம் அனுப்பிய கடிதங்களின் கட்டில், அடியில் வைக்க).