ஓகே பாபு, ஃபேனைப் போடுப்பா

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நேராக ஒரு வேலை சொல்வதில்லை. அம்மாவுக்குக் காற்று வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்த்து, "என்னமா புழுங்குது" என்பார். எழுந்துபோய் ஃபேனைப் போட வேண்டியவன் நான். வாசல் விளக்கு எரிய வேண்டுமென்றால் என் மனைவி, "எதிர் வீட்டுல எல்லாம் லைட் போட்டாச்சு" என்று செய்தி வாசிப்பாள். மகன் புத்தகத்தைத் திறக்காமலேயே, "இந்த வீட்ல படிக்கவே வெளிச்சம் இல்ல" என்று பொதுக்கருத்து ஒன்றை வெளியிடுவான். யார் செய்ய வேண்டும் என்பது இதில் எங்கேயும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் புரிகிறது, குறிப்பாக எனக்கு. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு நடுவில்தான், நேராக ஆணையிட்டால் மட்டும் வேலை செய்கிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன்.

குரலால் விளக்கைப் போடுவது சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளே புகுந்த ஒரே கொசுவையும் அடித்துவிட்டு, 'அப்பாடா' என்று தலையைச் சாய்த்த பிறகு ஹால் லைட் எரிவதை அவர்கள் பார்த்ததில்லை.

சுவிட்ச் போர்டுகளுக்குப் பின்னால் ரிலே ஏற்கெனவே இருந்தது. எல்லாவற்றையும் போனிலிருந்து போடலாம், அணைக்கலாம். எலக்ட்ரீஷியன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "சுவிட்சு அப்படியே இருக்கட்டும் சார். இந்த மிஷின் போச்சுன்னா ராத்திரி எனக்குத்தானே போன் பண்ணுவீங்க." அதனால் சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். போனில் என்ன தொல்லை என்றால், ஃபேனைப் போடப் போன் வேண்டும், போன் சார்ஜரில் இருக்கும், சார்ஜர் சுவிட்ச் போர்டில் இருக்கும். அங்கே வரை நடந்தவன் சுவிட்சையே தட்டிவிட்டுப் போகலாம். ஆகவே குரல்.

தமிழில் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அலெக்ஸா 2017-ல் இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது, 2019-ல் இந்தி கற்றுக்கொண்டது. அம்மாவுக்கு இரண்டும் ஆகாது. ஹோம் அசிஸ்டென்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது; பாலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-ல் தொடங்கியது. அந்தக் கூட்டத்தார் 2023-ஐக் 'குரலின் ஆண்டு' என்று அறிவித்து, அவரவர் மொழியில் அவரவர் வீட்டோடு பேச வேண்டும், பேசுவது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று இறங்கினார்கள். 2024 டிசம்பரில் அதற்கென்றே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியும் வந்தது. மேலே திருகுகிற குமிழ் ஒன்று, சுற்றிலும் ஒளி வளையம். அதை எழுப்ப "ஓகே நாபு" என்று சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அது பாபு என்றுதான் காதில் விழுந்தது. பாபு என்று எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் இருப்பதால் மரியாதைக்கும் குறைவில்லை. "ஓகே பாபு, கொஞ்சம் ஃபேனைப் போடுப்பா" என்பார். வேடிக்கை என்னவென்றால், பாதி நேரம் அதுவும் எழுந்துகொள்ளும். 1920-களில் அமெரிக்காவில் 'ரேடியோ ரெக்ஸ்' என்று ஒரு பொம்மை விற்றார்கள். கூண்டுக்குள் செல்லுலாய்டு நாய். 'ரெக்ஸ்' என்று கூப்பிட்டால் ஸ்பிரிங் விடுபட்டு வெளியே பாயும். அதற்குப் பெயரெல்லாம் தெரியாது. அந்தச் சொல்லின் நடுவே இருக்கிற உயிரொலியில் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து அதிர்வு வந்தால் உள்ளே இருக்கிற மின்காந்தம் விட்டுவிடும், அவ்வளவுதான். நூறு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டு நாய்க்கு நாபுவும் பாபுவும் கிட்டத்தட்ட ஒன்று.

எழுப்பும் சொல்லை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகன் 'ஜார்விஸ்' கேட்டான். மனைவி, "'என்னங்க'ன்னு வெச்சுக்கலாமே, எனக்கு வாயில தானா வரும்" என்றாள். சொன்னது நியாயம்தான். அந்தச் சொல்லைக் கேட்டு உடனே எழுந்திருக்கிற பயிற்சி இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜீவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எழுப்பும் சொல் சாதாரணப் பேச்சில் அடிக்கடி வராததாக இருக்க வேண்டும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு டிவி செய்தியாளர், ஒரு சிறுமி அலெக்ஸாவிடம் பேசிப் பொம்மை வீடு வரவழைத்த கதையைப் படித்துவிட்டு, அவள் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிக்காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்த பெட்டிகள் பொம்மை வீட்டுக்கு ஆர்டர் கொடுக்கக் கிளம்பிவிட்டன. அங்கே ஒரே ஒருமுறை சொன்னதற்கு அந்தப் பாடு. எங்கள் வீட்டில் சாயந்திரம் ஆறு மணி முதல் பத்து மணி வரை சீரியல். அதில் எத்தனை 'என்னங்க' வரும் என்று கணக்கெடுத்தால் பெட்டி உட்காரவே நேரமிருக்காது. யோசனை தள்ளுபடியானது. தள்ளியது நான் என்பதை மனைவி குறித்துவைத்துக்கொண்டாள்.

அடுத்து, விளக்குகளுக்குப் பெயர் வைக்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைப்பது இதைவிடச் சுலபம். அதற்கு ஜோசியர் முதல் எழுத்தையாவது சொல்லிவிடுவார். ஹாலில் இருக்கிற ஒரே விளக்கை மனைவி 'பெரிய லைட்' என்பாள். அம்மாவுக்கு அது 'டியூப் லைட்'. டியூபைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டாகிவிட்டது என்பது அவரைப் பாதிக்கவில்லை. அப்பாவுக்கு அது 'நாலாவது சுவிட்சு'. மகனுக்குப் பெயரே கிடையாது, 'அந்த லைட்'தான். நாலு பேரையும் பதிந்துவைத்தேன். அப்புறம் பார்த்தால் தமிழ் சும்மா விடுகிறதா? 'லைட்' என்று பதிந்தால் யாரும் 'லைட்' என்று சொல்வதில்லை. லைட்டை, லைட்டைப், லைட்ட, லைட்டு. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்துக்காகத் தைத்த சட்டையில் அதற்குக் கை இல்லை. வினை இன்னும் மோசம். போடு, போடுங்க, போடுப்பா, போட்டுடு, போட்டு விடேன், போட மாட்டியா. ஒவ்வொன்றையும் வாக்கிய மாதிரியாக எழுதி ஃபைலில் சேர்க்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் நான் தூங்கிய அத்தனை இலக்கண வகுப்புகளும் வரிசையில் வந்து நின்றன.

இதெல்லாம் பெட்டிக்குக் காதில் சரியாக விழுந்தால்தானே. பேச்சை எழுத்தாக்கும் வேலைக்கு விஸ்பர் என்ற இயந்திரம் இருக்கிறது, ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. பெரும்பகுதி ஆங்கிலம், மற்ற 96 மொழிகளுக்குமாகச் சேர்த்து 1,17,000 மணி நேரம். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்த தமிழுக்கு எவ்வளவு விழுந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மௌனத்தைக் கொடுத்தால் 'பார்த்தமைக்கு நன்றி' என்ற பாணியில் எதையாவது எழுதிவைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு; வீடியோக்களின் வசன வரிகளைப் படித்து வளர்ந்த பிள்ளை. ஆங்கிலத்துக்குச் சின்ன மாடல் போதும். தமிழ் ஒழுங்காகப் புரிய வேண்டுமென்றால் பெரிய மாடல் வேண்டும், பெரிய மாடலுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி, ராத்திரி பகலாக ஓட விட்டேன்.

பெட்டிக்கு ஓரளவு காது வந்ததும், எங்கள் வீட்டு மொழியையே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. 'புழுங்குது' என்றால் ஃபேன். 'கண்ணே தெரியல' என்றால் பெரிய லைட். 'எதிர் வீட்டுல லைட் போட்டாச்சு' என்றால் வாசல் விளக்கு. நன்றாகவே வேலை செய்தது. அம்மாவின் முனகலுக்கு நான் எழுந்திருக்கத் தேவையில்லாமல் போனது. சில நாள் கழித்து அம்மா, "முன்னெல்லாம் புழுங்குதுன்னா நீ வந்து பக்கத்துல உக்காருவே" என்றார். ஃபேனைப் போட்டுவிட்டு, போட்ட களைப்பில் உட்கார்வேன், அது உண்மைதான். இதற்கு எந்த ஃபைலில் எந்த வாக்கியத்தைச் சேர்ப்பது?

அப்பாவின் வாக்கியம் ஒன்று மிச்சமிருந்தது. ஆளில்லாத அறையில் எதுவாவது எரிந்தால், சுழன்றால், அவர் கூடத்தில் நின்று, "கரண்ட் பில்லு யாரு கட்டறது?" என்று கேட்பார். கேட்டவுடனே பூனைகளைப் போல எல்லாரும் நாலா பக்கமும் ஓடி அணைப்போம். அதையும் சேர்த்துவிட்டேன். "ஓகே நாபு, கரண்ட் பில்லு யாரு கட்டறது?" என்றால் வீடு மொத்தமும் அணையும். மகன் வெளியே கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, தாத்தாவின் குரலில், தாத்தாவின் இழுவையோடு அதைச் சொல்வான். ஒருநாள் தாத்தா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தில் கையோடு இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்த மிஷின் எவ்வளவு திங்குது?" என்று கேட்டார்.

அப்பா மின் வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு உலகம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. 480-ல் நிற்கிற வீட்டில் அவர் அயர்ன் பாக்ஸைக் கையில் தொட விடமாட்டார். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 40 வாட். இருபத்துநாலு மணி நேரம், அறுபது நாள்: 57.6 யூனிட். ஒரு 9 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் அதே அறுபது நாளுக்கு 2.7 யூனிட். வீட்டில் இருக்கிறது மொத்தம் பதினாலு பல்பு. பதினாலும் எரிந்தாலும் 37.8. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "விளக்கை அணைக்க ஒரு ஆள் வெச்சிருக்கே. சந்தோஷம். விளக்கைவிட அவன் அதிகமா திங்கறானேடா" என்றார். நான், தமிழ் புரிய வேண்டுமென்றால் அவ்வளவு ஆகும் என்றேன். "எனக்கும்தான் தமிழ் புரியுது. ரெண்டு இட்லியில ஓடறேன்" என்றார்.

இதில் எதிலும் சம்பந்தப்படாதவள் போல மனைவி சமையலறையில் இருந்தாள். சொல்லப்போனால் குரல் ஆணை உதவ வேண்டிய இடம் அதுதான். இரண்டு கையும் மாவில் இருக்கும். ஆனால் மாவில் கை இருக்கிற நேரத்தில் மிக்ஸியும் ஓடும், எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடும், தாளிக்கிற சத்தமும் சேரும். அதற்கு மேலே "ஓகே நாபு" என்று கத்தினால் எதிர் வீட்டில் இருந்து என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் முழங்கையால் சுவிட்சைத் தட்டிக்கொள்கிறாள். எங்கள் எக்ஸாஸ்ட் சுவிட்சின் மேல் மூலையில் காய்ந்துபோன வெள்ளையாக ஒரு தீற்றல் எப்போதும் இருக்கும். துடைத்தாலும் அடுத்த நாள் அதே இடத்தில் வந்துவிடும். கைக்கு வழியில்லாமல் போனால் முழங்கை இருக்கிறது, அதற்கு வைஃபை வேண்டாம்.

"லைட்டை நானே போட்டுக்கறேன். உங்க பெட்டிக்குக் காது இருக்குதானே? குக்கர் விசிலை எண்ணச் சொல்லுங்க" என்றாள். எனக்கு இத்தனை நாளாகத் தோன்றாத யோசனை. மகன் அதில் இறங்கினான், மைக்கை ஜன்னலோரம் வைத்து விசிலுக்கு மட்டும் செவி கொடுக்கிற மாதிரி ஏதோ செய்தான். "மூணு விசில் வந்தாச்சு" என்று பெட்டி அறிவித்ததும் அடுப்பை அணைத்துக் குக்கரைத் திறந்தால், துவரம்பருப்பு ஒவ்வொன்றும் முழுசு முழுசாக நம்மைப் பார்த்தது. மூன்றில் இரண்டு எதிர் வீட்டு விசில்.

அப்பா மட்டும் திடீரென்று சமாதானமாகிவிட்டார். பெட்டி பேசவும் செய்யும் என்பதை அந்தப் பருப்பு அறிவிப்பில்தான் கவனித்தார் போலிருக்கிறது. மீட்டரையும் இதோடு சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஒரு கிளிப்பை மெயின் வயரில் மாட்டினால் போதும். அப்படியானால் 450 யூனிட் வந்ததும் ஹாலில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும், எழுதிக்கொள் என்றார். என்ன வாக்கியம் என்று நான் கேட்கவில்லை. குரல் மட்டும் யாருடையது என்று பட்டியலைக் காட்டினேன். மைக்ரோசாஃப்ட் தயாரித்திருக்கிற தமிழ்க் குரல்களில் இந்தியாவுக்கென்று ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும் உண்டு. பெண் குரலுக்குப் பல்லவி என்று பெயர், ஆண் குரலுக்கு வள்ளுவர். அப்பா யோசிக்கவே இல்லை. போன வாரம், சீரியல் உச்சக்கட்டத்தில், கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிற நேரத்தில், நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பவரின் சுத்தமான உச்சரிப்பில் வள்ளுவர் கேட்டார்: "கரண்ட் பில்லு யாரு கட்டறது?"

அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.