பாராசாரியும் பழைய மாருதியும்

வாடா பேராண்டி. தொண்டூர்லேர்ந்து செஞ்சிக்கு நேத்து எத்தினி நிமிசத்துல போனன்னு டீக்கடையில அளந்தியாமே. ரோட்டோரம் மல்லாட்ட காய வெச்சிருந்த பொம்பளைங்க உன்னைப் பத்திப் பேசினதையும் கேட்டன். அத நான் திருப்பிச் சொன்னா உன் ஆயா ராத்திரிக்குச் சோறு போடமாட்டா.

ஆட்டோகிராஸ் ஓட்டப்போறியாம். சரி. அங்க முந்தறதுக்கு ஆளே கெடையாதே, தெரியுமா? வெட்டவெளியில ரப்பர் கூம்ப நட்டு வெச்சி, ஒத்த ஒத்தக் காரா விடுவான். கடியாரம்தான் உனக்குப் பங்காளி. கூம்பு ஒண்ணு சாஞ்சா உன் கணக்குல நொடிய ஏத்திடுவான். அமெரிக்காக்காரன் கூம்புக்கு 2 நொடின்னு வெச்சிருக்கான். நம்ம பக்கம் மண் தரையிலதான் பெரும்பாலும் விடறான், வண்டி வழுக்கும்.

சோழவரத்துல, சண்டைக் காலத்து ஏரோப்ளேன் ஓடுதளத்துல, ரேசு பாத்தவன்டா நான். 1990ல இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டருக்குத் தடம் போட்டான். ரேசு அங்க போயிடுச்சி. 2005ல நம்ம கோயமுத்தூரு நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒண்ணுக்கே போனான். அவன் மல்லாட்ட மேல ஏத்திப் பழகினதா நான் கேள்விப்படல.

புதுக் காரு கேட்டு உங்கப்பன் தாடையப் புடிக்காத. பழைய மாருதி போதும். பிரேக்கு புடிக்கணும், பேட்டரி ஆடக்கூடாது, தலையில ஹெல்மெட்டு. ஆர்டிஓ குடுத்த லைசென்சு மட்டும் பத்தாது, எஃப்.எம்.எஸ்.சி.ஐ.ன்னு 1971லேர்ந்து ஒரு சங்கம் இருக்கு, அவங்க லைசென்சும் வேணும். ஓட்டறதுக்கு முன்ன பாதைய நடந்து பாத்து மனசுல ஏத்திக்க. நடக்கறதுன்னா காலால. டீக்கடைக்கே பைக்குல போறவனாச்சே, அதான் சொல்றன்.

ஏர் ஓட்டறவன் கொழுவையா பாக்கறான்? எதிர் வரப்பப் பாக்கறான். கூம்பையே மொறச்சிகினு போனா கூம்பு மேலதான் போவ. அடுத்த கூம்பப் பாரு. நேராப் போறப்பவே பிரேக்க முடிச்சிக்க. திரும்பறப்ப மிதிச்சா, ஒரே மாட்ட ஏருக்கும் கவலைக்கும் சேத்துக் கட்டின கதைதான்: சக்கரம் நிக்கறதா, திரும்பறதான்னு தெரியாம நேரா போயிடும்.

செஞ்சிக்காரன் ரத்தம்னு மார தட்டாத. பாராசாரிங்கற குதிரைய அடக்கின தேசிங்கு ராஜனுக்கு ஊரே பாட்டு கட்டிச்சி. ஆற்காட்டு நவாபு படையோட மோதி 1714ல செத்தப்ப அவனுக்கு வயசு 22தான்னு சொல்லுவாங்க. உனக்கு 23 முடிஞ்சிடுச்சி, இன்னும் ரிவர்சுல தொழுவத்துக் கம்பத்த இடிக்கற.

இன்னொண்ணு. காருக்குள்ள சாமான் எதுவும் கெடக்கக்கூடாது, சோதிக்கறவன் விடமாட்டான். டிக்கியில நாலு மூட்ட மல்லாட்ட போட்டு வெச்சிருக்கன். போற வழியில செஞ்சி மார்க்கெட் கமிட்டியில எறக்கிடு. எடை போடறப்ப பக்கத்துலயே நில்லு. பணத்த எங்கிட்ட குடுத்துட்டு, அப்புறமா ரேசுக்குப் போ.