மடக்கு பார்ப்போம்

எங்கள் ஊர்க் கபடிக் களத்தில் விரலில் அடிபட்டால் ஒரே ஒரு சோதனைதான். “மடக்கு பார்ப்போம்!” மடங்கிவிட்டால் எலும்பு முறியவில்லை என்று முடிவாகும். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிடுவார். வீட்டில் மஞ்சள் பற்று. வீக்கம் அடங்காவிட்டால் புத்தூர் கட்டு. இழுத்த கையிலும் பற்றுப் போட்ட கையிலும் உண்மையான அக்கறை இருந்தது.

ஆனால் விரலை மடக்கும் தசைநாண் வேறு, நிமிர்த்துவது வேறு. பெரியப்பா மகன் கார்க் பந்தைப் பிடிக்கப் போய் நடுவிரல் நுனியில் அடி வாங்கினான். அறுந்தது நிமிர்த்தும் நாண். அதனால் விரல் அழகாக மடங்கியது, சோதனையில் தேறியது. நுனி மட்டும் தொங்கியது. இன்றும் தொங்குகிறது.

சென்ற ஆண்டு கல்லூரி வாலிபாலில் அக்கா மகளுக்கும் அதே அடி. பயிற்சியாளர் இழுக்கவில்லை. “நுனியை நிமிர்த்தும்மா” என்றார். நிமிரவில்லை. எக்ஸ்ரே எடுத்து, நுனி மூட்டு நேராக நிற்கும்படி சின்னப் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். 6 முதல் 8 வாரம், இரவும் பகலும். கழுவுவதற்காகக் கழற்றினாலும் விரலை மேசைமேல் நீட்டியே வைக்க வேண்டும். ஒருமுறை நுனி தொங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவள் பொறுமையாக இருந்தாள். விரல் நிமிர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. பெரியப்பா மகனுக்கும் அன்று இவ்வளவுதான் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

கபடியில் வரும் காயம் இதைவிடக் கள்ளத்தனமானது. பாடி வந்தவனின் பனியனைப் பற்றுகிறோம், அவன் திமிறுகிறான், மோதிர விரலின் நுனியை மடக்கும் நாண் எலும்பிலிருந்து பிய்கிறது. நடு மூட்டை மடக்க வேறொரு நாண் இருப்பதால் விரல் மடங்குவது போலவே தெரியும். நடு மூட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். இதற்கு அறுவை சிகிச்சை வேண்டும், அதுவும் ஒரு வாரம் பத்து நாளுக்குள். தாமதித்தால் நாண் உள்ளங்கைவரை சுருங்கிப்போகக்கூடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு பல்லாண்டுகளாக இயங்குகிறது. ஆனாலும் வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிற பையன்கள் பலர்.

இப்போது எங்கள் ஊர்ப் போட்டிக்கு மின்னொளி உண்டு, மேட் உண்டு, வலி மரத்துப்போக ஸ்பிரேயும் உண்டு. “மடக்கு பார்ப்போம்” மட்டும் மாறவில்லை. விரலைச் சோதிக்கத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டைக் களத்தோரம் உட்காரவைக்கச் சொல்லி விழாக் கமிட்டியிடம் இந்த ஆண்டும் கேட்டிருக்கிறேன்.